காட்டெருமைக்குப் பக்கத்தில் ஓர் அணில் தடம்

மூங்கில்காட்டுக் கால்பந்து டீமின் கேப்டன் மலையணில் செவந்தி. கோல்கீப்பரும் அவள்தான். இரண்டு மருதமரங்களுக்கு நடுவே அவளை நிறுத்திவிட்டால் போதும், இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்கு ஒரே தாவலில் பந்தை மறித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு அன்று காலையிலிருந்து வால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கவலை வந்தால் அவளுக்கு முதலில் வால்தான் ஆடும்.

ஆட்டத்துக்கு இன்னும் பத்தே நாள். ஐந்து பேர் டீமில் நான்கு பேர்தான் இருந்தார்கள். செவந்தி, குரங்கு மொக்கையன், கரடி தடியப்பன், சருகுமான் பொடிச்சி. முன்னால் நின்று கோல் அடிக்க ஆள் இல்லை.

சும்மா பொழுதுபோக்கு ஆட்டமாக இருந்தால் பரவாயில்லை. இது தண்ணீர் ஆட்டம்.

மூங்கில்காட்டுக்கும் எதிரே இருந்த ஈட்டிக்காட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு குளம். கோடையில் அது பாதியாக வற்றிவிடும். அடித்துக்கொண்டு சாகவேண்டாம் என்று இரண்டு காடும் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தன. கோடை தொடங்கும்போது ஓர் ஆட்டம். ஜெயித்த காட்டுக்குக் காலையும் மாலையும் குளம். தோற்ற காட்டுக்கு உச்சிவெயில் நேரம் மட்டும். காட்டுக்கும் குளத்துக்கும் இடையே ஒரு மரம்கூட இல்லாத பொட்டல். உச்சியில் கால் வைத்தால் கொப்புளம்தான்.

போன கோடையில் தோற்றது மூங்கில்காடு. செவந்தியின் சின்னக் குட்டி அந்தப் பொட்டலில் இரண்டு முறை மயங்கி விழுந்தது. இன்னொரு கோடை அதற்குத் தாங்காது. செவந்தியின் வால் நிற்காததற்கு அதுதான் காரணம்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் காட்டுப்பூனை மினுக்கன்.

"இங்க ஆள் தேடுறதாக் கேள்விப்பட்டேன். உங்க அதிர்ஷ்டம், நான் இப்ப சும்மாதான் இருக்கேன்!" என்றான்.

பந்தை வாங்கினான். ஐயோ, அந்த ஆட்டத்தை என்னவென்று சொல்வது! தடியப்பனின் கால் இடுக்கில் பந்தை விட்டான். மொக்கையன் திரும்புவதற்குள் அவனைச் சுற்றி வந்தான். பின்னங்காலால் ஒரு தட்டு! பந்து செவந்தியின் மூக்கைத் தடவிக்கொண்டு மரங்களுக்கு நடுவே போயே போய்விட்டது. செவந்தி தாவக்கூட இல்லை.

பார்த்துக்கொண்டிருந்த காடு முழுவதும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. "இவன் போதும்! தண்ணி நமக்குத்தான்!" என்று மொக்கையன் மூன்று குட்டிக்கரணம் அடித்தான்.

செவந்திக்கும் வாயில் எச்சில் ஊறத்தான் செய்தது. இருந்தாலும் கேப்டன் அல்லவா, நாலு கேள்வி கேட்டு வைத்தாள்.

"இதுக்கு முன்னால எந்த டீம்ல இருந்தே தம்பி?"

"ஆத்தோரக் காட்டுல. ஒருத்தனுக்கும் பாஸ் குடுக்கத் தெரியல. விட்டுட்டேன்!"

"அதுக்கு முன்னால?"

"பாறைக்காட்டுல. கேப்டன் பொறாமைபிடிச்சவன்!"

"அதுக்கும் முன்னால?"

"அங்க நடுவருக்கே கண்ணு தெரியாது!"

"சரி, உன் பேர்ல ஒரு தப்பும் இல்லையா?"

மினுக்கன் மீசையை நீவிக்கொண்டு யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "எவ்வளவு யோசிச்சாலும் ஒண்ணும் தட்டுப்பட மாட்டேங்குதே!" என்றான்.

அடுத்து அவன் அடித்த பந்து குறி தப்பிப் பொடிச்சியின் முகத்தில் பட்டது. முழங்கால் உயரம்கூட இல்லாத சருகுமான் அது. சுருண்டு விழுந்தது. மினுக்கன் அதைத் தூக்கிவிடவில்லை. "நீ ஏன் அங்க நின்னே?" என்று ஒரு கத்துக் கத்தினான்.

செவந்தியின் வாயில் ஊறிய எச்சில் அப்போதே வற்றிவிட்டது.

"நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்று அவனை அனுப்பிவைத்தாள்.

"நாளைக்கா? என்ன நாளைக்கு?" மொக்கையன் குதித்தான். "இன்னிக்கே தடம் பதிச்சிடு செவந்தி!"

தடம் பதிப்பது என்பது அந்தக் குளத்தங்கரை வழக்கம். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு ஆட்டக்காரரும் கரையோர ஈரச் சேற்றில் ஒரு காலைப் பதிக்க வேண்டும். அவரைச் சேர்த்த கேப்டன் அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே தன் காலையும் பதிக்க வேண்டும். 'இவருக்கு நான் பொறுப்பு' என்று அர்த்தம். அந்த ஆள் அடாவடி செய்து வெளியேற்றப்பட்டால், பக்கத்தில் தடம் பதித்த கேப்டனும் கூடவே வெளியேற வேண்டும். ஒருவர் செய்யும் தப்புக்கு இரண்டு பேர் போவார்கள். மாற்று ஆளும் கிடையாது.

அந்த வழக்கத்தின் சூடு செவந்திக்கு நன்றாகவே தெரியும். போன வருஷம் முன்னால் நின்று ஆடியவன் காட்டெருமை கொம்பையா. அவன் உதைத்தால் பந்து இடி மாதிரி போகும். ஆனால் மூக்கு நுனியில் கோபம். ஈட்டிக்காட்டான் ஒருவன் வாலைப் பிடித்து இழுத்தான் என்று கொம்பையா அவனை முட்டித் தூக்கி எறிந்துவிட்டான். நடுவர் அவனை வெளியேற்றினார். பக்கத்தில் தடம் பதித்திருந்த செவந்தியும் வெளியேறினாள். கோல்கீப்பர் இல்லாத கோலுக்குள் மூன்று பந்துகள் வரிசையாகப் போயின. அவ்வளவுதான், தண்ணீர் போயிற்று.

அன்று சாயங்காலம் செவந்தி கிளையில் உட்கார்ந்து, "யோசிச்சிட்டேன். மினுக்கன் வேண்டாம். கொம்பையாவையே கூப்பிடப் போறேன்!" என்றாள்.

மொக்கையன் கிளையிலிருந்து வழுக்கியே விட்டான். "உனக்கென்ன பித்துப் பிடிச்சிருக்கா? அவனாலதானே தோத்தோம்! உன் குட்டி மயங்கி விழுந்ததே அவனாலதான்!"

"ஆமா. அவனாலதான்."

"அப்புறம்?"

"தோத்த மறுநாள் அவன் என்ன பண்ணினான், ஞாபகம் இருக்கா?"

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. மறுநாள் கொம்பையா காட்டின் நடுவில் வந்து நின்றான். "தப்பு என்னுது. வாலை இழுத்தான்னு சொல்லலாம். ஆனா முட்டினது நான்தான்" என்றான். உச்சிவெயிலில் காடு தண்ணீருக்குக் கிளம்பியபோது வெயில் விழுகிற பக்கமாக வந்து நின்றான். அந்த மலைபோன்ற உடம்பின் ஓரத்தில் தரையில் கொஞ்சம் நிழல் விழுந்தது. குட்டிகளெல்லாம் அந்த நிழலுக்குள் புகுந்து குளத்துக்கு நடந்தன. கோடை முடியும்வரை ஒரு நாள் தவறாமல் நடந்தான். யாரும் அவனை நடக்கச் சொல்லவில்லை. செவந்தியின் சின்னக் குட்டி இரண்டு தடவை மயங்கியதோடு பிழைத்ததே அந்த நிழலால்தான்.

"நிழல் குடுத்தான், சரி. அதுக்காகக் கோபம் போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றே?" என்றான் கரடி தடியப்பன்.

"போயிருக்காது. அவன்கிட்ட கோபம் இருக்குன்னு எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். மினுக்கன்கிட்ட என்ன இருக்குன்னு அவனுக்கே தெரியலியே!"

செவந்தி கொம்பையாவைத் தேடிப் போனாள். அவன் காட்டோரத்தில் தனியாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தான். பயிற்சி நடக்கும் பக்கமே அவன் ஒரு வருஷமாக வருவதில்லை.

"வேண்டாம் அக்கா. என்னை நம்பி இன்னொரு தடவை தடம் பதிக்காதீங்க. எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல" என்றான்.

"அதனாலதான் கேக்கறேன். கோபம் வந்தா என்ன செய்வே?"

கொம்பையா வெகு நேரம் அசைபோட்டான். "உங்க தடத்தைப் போய்ப் பார்ப்பேன் அக்கா" என்றான்.

மூங்கில்காடு தன்னை வேண்டாம் என்று சொன்ன செய்தி தெரிந்ததும் மினுக்கன் நேராக ஈட்டிக்காட்டுக்குப் போய்விட்டான். ஈட்டிக்காட்டுக் கேப்டன் செந்நாய் காளிங்கன் அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாலை ஆட்டி வரவேற்றான்.

ஆட்ட நாள் வந்தது. தூக்கணாங்குருவிகள் ஒரு மாதம் உட்கார்ந்து நாரும் புல்லும் பின்னிய பந்தைக் கொண்டுவந்து கொடுத்தன. கொம்பு பட்டால் நார் கிழிந்துவிடும் என்பதால் பந்தில் கொம்பு படக் கூடாது என்பது விதி. நடுவர் இருவாச்சியார் கிளையில் உட்கார்ந்து பெரிய அலகைத் தட்டினார். "மருதமர நிழல் யானைப்பாறையைத் தொடுறவரைக்கும் ஆட்டம்! எல்லாரும் தடம் பதிங்க!"

கொம்பையா சேற்றில் குளம்பை ஊன்றினான். பக்கத்தில் செவந்தி தன் காலை வைத்தாள். தாம்பாளத்துக்குப் பக்கத்தில் புளியங்கொட்டையை வைத்த மாதிரி இருந்தது. மூங்கில்காட்டில் பாதிப் பேர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். செவந்தி ஈரக் காலை உதறிவிட்டு, தலை நிமிர்ந்து தன் மரங்களுக்கு நடுவே போய் நின்றாள்.

ஆட்டம் தொடங்கியதும் மினுக்கன் வேலையைக் காட்டினான். மூன்று பேரைத் தாண்டி வந்து முதல் கோலைப் போட்டான். ஈட்டிக்காடு கூத்தாடியது. "யாரை வேண்டாம்னு சொன்னீங்க, பாத்தீங்களா?" என்று செவந்தியைப் பார்த்து மீசையை நீவினான். மொக்கையனும் அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

கொஞ்ச நேரத்தில் கொம்பையா இடிபோல ஓர் உதை விட்டான். ஒன்றுக்கு ஒன்று! இப்போது மூங்கில்காடு கூத்தாடியது.

அதன் பிறகு மினுக்கன் பந்தை விட்டுவிட்டுக் கொம்பையாவின் காதருகே ஒட்டிக்கொண்டான். எங்கே போனாலும் பின்னாலேயே போனான். "என்னப்பா தடிமாடு, இந்த வருஷம் யாரை முட்டப் போறே? உன்னால எத்தனை குட்டிங்க சுருண்டு விழுந்துச்சு? கணக்கு வச்சிருக்கியா?"

கொம்பையாவின் மூக்கு விடைத்தது. முன்னங்கால் மண்ணைக் கிளறியது. போன வருஷமும் முட்டுவதற்கு முன்னால் அவன் கால் இப்படித்தான் மண்ணைக் கிளறியது!

கொம்பையா திரும்பினான். ஓட்டமாகக் கரைக்குப் போனான். சேற்றில் இருந்த தன் தடத்தையும் பக்கத்தில் இருந்த குட்டித் தடத்தையும் குனிந்து பார்த்தான். ஒரு பெருமூச்சு விட்டான். திரும்பி வந்து ஆட ஆரம்பித்தான்.

"எருமை தண்ணி குடிக்கப் போயிடுச்சு!" என்று ஈட்டிக்காடு கேலி பேசியது. செவந்திக்குக் கண் நிறைந்துவிட்டது.

நிழல் யானைப்பாறையை நெருங்கிக்கொண்டிருந்தது. மொக்கையன் உயரத் தூக்கிவிட்ட பந்து காற்றில் வந்தது. கொம்பையா எம்பி நெற்றியால் தள்ளினான். பந்து உள்ளே போய்விட்டது! "கோல்!" என்று இருவாச்சியார் அலகைத் தட்டினார். இரண்டுக்கு ஒன்று! மொக்கையன் குட்டிக்கரணம் போட்டான், தடியப்பன் நின்ற இடத்திலேயே ஆடினான், செவந்தி இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் தாவித் தாவிக் கத்தினாள்.

கொம்பையா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஐயா" என்றான் நடுவரிடம். "நெத்தியில படல. கொம்பு பட்டுடுச்சு. என் தப்பு."

அப்படிப் பட்டதை யாரும் பார்க்கவில்லை. ஈட்டிக்காட்டாரே பார்க்கவில்லை. இருவாச்சியார் பந்தை வாங்கிப் பார்த்தார். ஒரு நார் பிய்ந்திருந்தது.

"கோல் செல்லாது!" என்றார்.

"அடப்பாவி! உன்னை யாராவது கேட்டாங்களா?" என்று மொக்கையன் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டான்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதலில் செவந்திக்கும் ஆத்திரம்தான் வந்தது. கைக்கு வந்த தண்ணீர்! அவள் குட்டியின் தண்ணீர்! இவனை ஏன் சேர்த்தோம் என்று ஒரு நொடி நினைத்தே விட்டாள். மறு நொடியில் அவளுக்கு உறைத்தது. எதற்காகச் சேர்த்தாளோ அதைத்தான் அவன் செய்திருக்கிறான். தனக்கு லாபமாக இருக்கும்போது ஒரு மாதிரி, நஷ்டமாக இருக்கும்போது வேறு மாதிரி இரு என்று அவனிடம் கேட்க முடியுமா?

"பரவாயில்ல கொம்பையா! அடுத்ததைப் போடு!" என்று கத்தினாள். குரல் கணீரென்று வந்தது.

நிழலுக்கும் பாறைக்கும் இன்னும் இரண்டு முழம்தான் இருந்தது. பந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. இருவாச்சியாரின் கண்ணும் பந்தின் பின்னாலேயே போயிற்று. அப்போது இந்தப் பக்கம் ஓர் அலறல்!

புழுதி அடங்கியபோது மினுக்கன் தரையில் புரண்டுகொண்டிருந்தான். பக்கத்தில் கொம்பையா நின்றான்.

"முட்டிட்டான்! ஐயோ, முட்டிட்டான்! போன வருஷம் மாதிரியே முட்டிட்டான்!" என்று மினுக்கன் கத்தினான்.

"வெளியேத்துங்க! அவனையும் அந்த அணிலையும் வெளியேத்துங்க!" என்று காளிங்கன் பாய்ந்து வந்தான். ஈட்டிக்காடு முழுவதும் அதையே கத்தியது. மூங்கில்காட்டிலும் பலர், "நினைச்சேன், மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்" என்று முணுமுணுத்தார்கள். என்ன நடந்தது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. கோல்கீப்பர் இல்லாமல் மூன்று பேராக ஆடினால் என்ன ஆகும் என்று செவந்திக்குத் தெரியும். கொம்பையாவின் முகத்தையே பார்த்தாள்.

இருவாச்சியார் இறங்கி வந்தார். அலகைத் தட்டப் போனவர், தட்டாமல் நிறுத்தினார்.

"கொம்பையா, நீ முட்டினியா?"

"முட்டணும்னு தோணுச்சு ஐயா. ரொம்பவே தோணுச்சு. ஆனா முட்டல."

"பொய்!" என்றான் காளிங்கன். "போன வருஷம் இவன் செஞ்சது ஊருக்கே தெரியும்!"

"இப்போ கொஞ்சம் முன்னாடி செஞ்சதும் ஊருக்குத் தெரியுமே!" என்றார் இருவாச்சியார். "ஒருத்தர் கண்ணுலயும் படாத தப்பைத் தானா வந்து சொல்லி, ஜெயிச்ச கோலை விட்டுக் குடுத்தான். அவன் முட்டலன்னு சொன்னா நான் கொஞ்சம் விசாரிக்கத்தான் வேணும். மினுக்கா, எங்க முட்டினான்?"

"விலாவுல! இடது விலாவுல! எலும்பே போச்சு!"

"அப்படியா? எழுந்து காட்டு."

மினுக்கன் முனகிக்கொண்டே எழுந்தான். வலது விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"எந்த விலாப்பா?" என்றது பொடிச்சி, ரொம்ப அக்கறையாக.

மினுக்கன் அவசரமாகப் பக்கத்தை மாற்றிக்கொண்டான். இரண்டு காடும் சேர்ந்து சிரித்துவிட்டன. "நான் என்ன பண்றது? காளிங்கன்தானே எப்படியாவது அவனை வெளியேத்துன்னு சொன்னான்!" என்றான் மினுக்கன். காளிங்கனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இருவாச்சியார் இந்த முறை அலகைத் தட்டினார். "மினுக்கன் வெளியே! பக்கத்துல தடம் பதிச்ச காளிங்கனும் வெளியே!"

ஈட்டிக்காட்டில் மீதி மூன்று பேர். நிழலுக்கும் பாறைக்கும் ஒரு முழம். தடியப்பன் பந்தைத் தள்ளினான், மொக்கையன் தாண்டிக் கொடுத்தான், பந்து கொம்பையாவின் காலுக்கு வந்தது. மூன்று பேரும் அவன் மேல் பாய்ந்தார்கள். எல்லோரும் இடிக்காகக் காத்திருந்தார்கள். கொம்பையா உதைக்கவில்லை. தன் வயிற்றுக்கு அடியில் ஓடிவந்துகொண்டிருந்த பொடிச்சியிடம் பந்தை மெல்லத் தட்டிவிட்டான். அந்தக் குட்டிக் கால் ஒரே உதை!

"கோல்!" நிழல் யானைப்பாறையைத் தொட்டது.

மூங்கில்காட்டின் ஆரவாரத்தில் குளத்துத் தண்ணீரே கலங்கியது. பொடிச்சியைக் கொம்பையாவின் முதுகில் ஏற்றினார்கள். "நான் அப்பவே சொன்னேன், கொம்பையாதான் சரின்னு!" என்றான் மொக்கையன். யாரும் அவனைத் திருத்தவில்லை. சந்தோஷமான நேரம், பிழைத்துப் போகட்டும். செவந்தி கரைக்குப் போய் அந்த இரண்டு தடங்களையும் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அன்று அவள் வால் ஆடவே இல்லை, கொடி மாதிரி நிமிர்ந்து நின்றது.

கோடை வந்தது. மூங்கில்காட்டுக் குட்டிகள் காலையும் மாலையும் வயிறு நிறையக் குடித்தன. செவந்தியின் சின்னக் குட்டி கொழுகொழுவென்று ஆகிவிட்டது.

ஒரு நாள் உச்சிவெயிலில் செவந்தி உயரக் கிளையிலிருந்து பொட்டலைப் பார்த்தாள். ஈட்டிக்காட்டுக் கூட்டம் தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்களோடு வெயில் விழுகிற பக்கமாகக் கொம்பையா நடந்துகொண்டிருந்தான். அவன் நிழலுக்குள் ஈட்டிக்காட்டுக் குட்டிகள் நெருக்கியடித்துப் போயின. காளிங்கனின் இரண்டு குட்டிகளும் அதில் இருந்தன. காளிங்கன் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

கொம்பையா திரும்பி வந்ததும் செவந்தி கேட்டாள். "ஏன்டா, நாமதான் ஜெயிச்சிட்டோமே! இன்னும் எதுக்கு வெயில்ல நடக்கறே?"

"வெயிலுக்கு யாரு ஜெயிச்சாங்கன்னு தெரியாதே அக்கா" என்றான் கொம்பையா.

செவந்தி தன் குட்டிகளைக் கிளை நுனிக்குக் கூப்பிட்டாள். "நல்லாப் பாத்துக்கோங்க. அங்க புழுதியோட நிக்கிறான் பாருங்க, அவன் என் டீம்!" என்றாள்.

ஆகவே, நல்லவர்களே, ஒருவரை உங்களோடு சேர்த்துக்கொள்ளும்போது அவர் கால் எவ்வளவு வேகம் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், தப்புச் செய்த மறுநாள் அவர் என்ன செய்தார் என்றும் விசாரித்துவிட்டு உங்கள் தடத்தைப் பதியுங்கள்.